இட்லித் தட்டும் வெந்நீர்ப் பையும்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். நேபாளத்தில் பால்பா மாவட்டம், தான்சேன் மிஷன் ஆஸ்பத்திரியில் என் கணவர் டாக்டராக இருக்கிறார். வந்த ஐந்து வருஷத்தில் ஆறு குடும்பங்களை வழியனுப்பிவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டு ஃபின்லாந்து நர்ஸும் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறாள். எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. அவள் மகளும் என் 8 வயது மகளும் ஒன்றாகத்தான் திரிவார்கள். வழியனுப்புக் கூட்டத்துக்குப் போகவே மனசில்லை. புதிதாக வருகிறவர்களோடு இனி ஒட்டவே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஊழியத்துக்கு வந்தவள் இப்படி நினைப்பது தப்பா?
— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: தப்பில்லை தங்கச்சி. களைத்துப் போயிருக்கிறாய், அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரும் அதே மலையில் பதினோரு வருஷம் இருந்தோம். 1954-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அன்றிலிருந்து ஆட்கள் வருவதும் போவதும்தான். ஆனால் நம்மவர்களுக்கு அதில் ஒரு தனிப் பாடு உண்டு. 1950 உடன்படிக்கையால் இந்தியருக்கு நேபாளத்தில் விசா வேண்டாம். மற்ற நாட்டுக்காரர்களுக்கு வேலையோடு ஒட்டிய விசா. வேலை முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் எப்போதும் வாசலில் நின்று கையசைக்கிறவர்கள் நாம். போகிறவளுக்கு அம்மா வீடு காத்திருக்கும். நிற்கிறவளுக்குப் பூட்டின பக்கத்து வீடு.

எனக்கு ஒரு ஸ்காட்லாந்துத் தோழி இருந்தாள். ஜனவரியில் தான்சேனில் மாவு புளிக்காது, உனக்கே தெரியும். அவள்தான் தன் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து, மாவுச் சட்டியோடு சேர்த்துக் கம்பளியில் சுற்றி வைத்தாள். காலையில் பார்த்தால் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது! அன்று முதல் சனிக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவள் வீட்டில்தான் இட்லி. என் தட்டும் அங்கேயே இருந்துவிட்டது.

அவள் கிளம்புகிற அன்று, அழுதுவிடுவேன் என்று பயந்து, காய்கறி வாங்கணும் என்று சொல்லி புட்வலுக்கு பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பினால் வாசல்படியில் இட்லித் தட்டு. குழி குழியாகத் தேய்த்துக் கழுவி, பால்பாவில் நெய்கிற தாக்கா துணியில் சுற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் வெந்நீர்ப் பை. சீட்டு ஒன்றும் இல்லை. பிறகு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன், அவளும் மன்னித்தாள். ஆனாலும் அன்று அழ வேண்டிய அழுகை உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்து அந்த வீட்டுக்கு வந்த குடும்பத்தை இரண்டு வருஷம் நான் ஒரு டீக்குக்கூடக் கூப்பிடவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் கைக்குழந்தையோடு வந்தவள். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

வேதத்தில் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இனி அவர் முகத்தைப் பார்க்கமாட்டோம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம். விசுவாசம் இல்லையா என்று பவுல் அவர்களை அதட்டவில்லை. கப்பல் வரைக்கும் கூடவே போய் வழியனுப்புகிறார்கள்.

கூட்டத்துக்குப் போ. சாமந்தி மாலை போடு, அழுகை வந்தால் அழு. ஆனால் அங்கே நூறு பேர் இருப்பார்கள், உங்கள் இருவருக்கும் அது போதாது. அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் அவளும் நீயுமாக ஸ்ரீநகர் குன்றுக்கு ஏறிப் போங்கள். மனத்தாங்கல் ஏதாவது கிடந்தால் அந்தப் பைன் மரத்தடியில் பேசித் தீர்த்துவிடு. அவள் உனக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல். பொதுவாக "எல்லாத்துக்கும் தேங்க்ஸ்" என்று முடித்துவிடாதே.

மகளிடம் "வேற ஃபிரெண்ட் கிடைப்பா" என்று மட்டும் சொல்லாதே, தங்கச்சி. அவளுக்கு இந்த ஒருத்திதான் வேண்டும். தனக்குப் பிரியமான ஒரு சாமானை அந்தப் பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்கட்டும். என்ன சாமான் என்று நீ தீர்மானிக்காதே.

புதுக் குடும்பம் வந்த முதல் நாளே ஓட வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். பிறகு ஒரு டப்பா சட்னியோடு கதவைத் தட்டு.

உன் தோழி கிளம்புகிற அன்று காலையில் அவள் வீட்டு அடுப்பு பெட்டிக்குள் போயிருக்கும். இட்லி உன் வீட்டில் அவியட்டும். பைரஹவா ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டியில் இடம் இருந்தால் நீயும் மகளும் ஏறிக்கொள்ளுங்கள்.