கொழுப்புச் சதவீதம்: எந்தக் கருவியை நம்பி எடைப் பிரிவை முடிவு செய்வது?

கேள்வி: எங்களிடம் பயிலும் 22 வயது குத்துச்சண்டை வீரருக்கு ஜிம் மெஷின் 14 சதவீதம் கொழுப்பு என்கிறது. காலிப்பரில் 8 வருகிறது, டெக்ஸா ஸ்கேனில் 13. எதை எடுத்துக்கொள்வது?
— பயிற்சியாளர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மூன்றுமே கணிப்புதான், கொழுப்பை நேராக எடை போடுவது எதுவுமில்லை. மெஷின் உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, தடையை வைத்துத் தண்ணீரையும் அதிலிருந்து கொழுப்பையும் கணக்கிடுகிறது. காலிப்பர் என்ற இடுக்கி, தோல் மடிப்பைப் பிடித்து, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பின் தடிமனைத் தருகிறது, மீதியைச் சூத்திரம் ஊகிக்கிறது. டெக்ஸா எக்ஸ்ரே வகை. ஒல்லியான வீரர்களுக்குக் காலிப்பரைவிட டெக்ஸா எண் கூடுதலாக வருவது வழக்கம். அதனால் ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

சண்டை விளையாட்டில் மெஷினை நம்பி இறங்குவதுதான் பெரிய ஆபத்து. வெயிட் குறைக்கத் தண்ணீரை நிறுத்தியவரை அதில் ஏற்றினால், தண்ணீர் வற்றிய உடம்பில் தடை கூடும், மெஷின் அதைக் கொழுப்பு கூடியதாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து வீரர் இன்னும் பட்டினி கிடப்பார். பயிற்சி முடிந்த சூட்டோடு ஏறினால் நேர்மாறு: வேர்த்துச் சூடான தோலில் தடை குறைந்து, கொழுப்பும் குறைவாகத் தெரியும். காலால் மட்டும் நிற்கும் மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போகிறது, தோளும் மார்பும் கணக்கில் சரியாக வராது. விளையாட்டு வீரர்களுக்கென்று மெஷினில் உள்ள 'அத்லெட்' மோடை ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டால் அதுவே பல சதவீதம் மாறும். அப்படியும் அதுதான் இருக்கிறது என்றால், காலையில் வெறும் வயிற்றில், கழிவறை போய்விட்டு, முந்தைய இரவு பயிற்சி இல்லாத நாளில் மட்டும் ஏற்றுங்கள்.

டெக்ஸாவைச் சீசன் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்தால் போதும். புதுச்சேரியிலோ சென்னையிலோ எடுக்கப் போகும்போது, எலும்பு அடர்த்தி மட்டுமா, முழு உடல் கொழுப்புக் கணக்கும் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மறுமுறையும் அதே இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டும். வாராவாரம் கண்காணிக்கக் காலிப்பர்தான் எங்கள் தேர்வு.

கேள்வி: காலிப்பரில் ஒரே ஆளுக்கு இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வருகிறது. சரியாக எப்படிப் பிடிப்பது?
— உடற்கல்வி ஆசிரியர், பாகூர்

பதில்: பிடிக்கும் இடம் அரை அங்குலம் நகர்ந்தாலே எண் மாறும். அதனால் முதலில் டேப்பால் அளந்து, வலது பக்கத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். ஆண்களுக்கு மூன்று இடம்: அக்குள் முன்மடிப்புக்கும் மார்புக் காம்புக்கும் நடுவில் சாய்வாக, தொப்புளுக்கு 2 செ.மீ. வலப்புறம் செங்குத்தாக, தொடை முன்பக்கம், இடுப்பு மடிப்புக்கும் முட்டிச் சில்லுக்கும் நடுவில் செங்குத்தாக. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, விரலுக்கு 1 செ.மீ. தள்ளிக் காலிப்பரை வையுங்கள். விசையை முழுதாக விட்டு 2 விநாடியில் படியுங்கள். தாமதித்தால் மடிப்பு நசுங்கி எண் இறங்கும். மூன்று இடத்தையும் ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். இரண்டு எண்ணுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது அளவு எடுத்து, நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடையில் தசையும் சேர்ந்து மாட்டும். காலை இறுக்கச் சொல்லுங்கள். தசையாக இருந்தால் விரலிலிருந்து நழுவிவிடும். நம் கடலோரப் புழுக்கத்தில் வேர்வை வழுக்கும், துண்டால் ஒற்றி எடுத்து, பயிற்சிக்கு முன்பே அளந்துவிடுங்கள். ஒரே ஆள்தான் எப்போதும் அளக்க வேண்டும்.

சதவீதமே தேவையில்லை, மூன்று மி.மீ. எண்ணின் கூட்டுத்தொகையை நோட்டில் எழுதிவந்தாலே போதும். 34 இருந்தது 30 ஆனால் கொழுப்பு கரைகிறது. மொத்தம் மாறாமல் எடை மட்டும் இறங்கினால், போவது தண்ணீரோ தசையோதான். சதவீதம் வேண்டுமென்றால் ஜாக்சன்–பொல்லாக்கின் 1978 சூத்திரத்தில் 22 வயது, 30 மி.மீ. என்பது ஏறக்குறைய 8 சதவீதம். அது வயதுவந்த ஆண்களுக்கு உரியது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 17 வயது, 66 கிலோ, ஜூடோ. 60 கிலோ பிரிவுக்கு இறங்கச் சொல்கிறார்கள். இறங்கலாமா?
— ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்

பதில்: மேல் கையின் பின்புற மடிப்பு 8 மி.மீ., கெண்டைக்கால் உட்புற மடிப்பு 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பையன்களுக்கான ஸ்லாட்டர் சூத்திரப்படி கூட்டுத்தொகை 15-ஐ 0.735-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 12 சதவீதம். 66 கிலோவில் கொழுப்பு சுமார் 7.9, மீதி 58.1 கிலோ. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பையன்களுக்குக் கொழுப்பின் கீழ் வரம்பு 7 சதவீதம். அந்த 7 போக மீதி 93 சதவீதம் என்பதால், 58.1-ஐ 0.93-ஆல் வகுத்தால் வரும் 62.5 கிலோதான் இறங்கக்கூடிய எல்லை. அளவில் 3 சதவீதம் பிழை வந்து உண்மையில் 15 இருந்தால்கூட 60.3-தான் எல்லை. உங்கள் மகனின் அளவுகளும் இதை ஒட்டி வந்தால், 60 கிலோ என்பது தண்ணீரை வற்றவைத்துத் தொடும் எடை. 66-லேயே ஆடட்டும். அளக்கும் நாளில் சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020-க்கு மேல் இருந்தால் உடம்பு வற்றியிருக்கிறது, தண்ணீர் குடிக்க வைத்து வேறு நாளில் அளந்து பாருங்கள்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கும் இதே வரம்புதானா?
— கிக்பாக்ஸிங் வீராங்கனையின் தாய், முதலியார்பேட்டை

பதில்: இல்லை, அதே அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பெண்களுக்குக் கீழ் வரம்பு 12 சதவீதம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் கோத்து எடையும் மெஷின் எண்ணும் ஆடும், மாதந்தோறும் சுழற்சியின் அதே கட்டத்தில் அளந்து பாருங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால், எண் எதுவாக இருந்தாலும் எடைக் குறைப்பை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.