யாருக்குச் சங்கடம் இல்லை?

கேள்வி: சிட்னியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழங்குடியினருக்கும் மற்ற ஆஸ்திரேலியர்களுக்கும் இடையே உறவைச் சீர்செய்ய மே 27 முதல் ஜூன் 3 வரை வரும் நல்லிணக்க வாரத்துக்கு இந்த முறை என்னைப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்து எட்டு வருடம்தான், யார் நிலத்தையும் பறிக்கவில்லை. ஏதாவது தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயம். எங்கள் பிரிவில் இருக்கும் ஒரே பழங்குடிப் பெண், தன் பாட்டியைச் சிறு வயதில் அரசாங்கம் பிரித்துக்கொண்டு போன கதையை ஒரு வருடம் சொன்னார். எல்லோரும் அழுதோம். அதற்கப்புறம் அந்த வாரம் விடுப்பில் போய்விடுகிறார், அதனால் சங்கடம் இல்லை. சுருக்கமாக எப்படி நடத்தலாம்?

பதில்: யாருக்குச் சங்கடம் இல்லை? பாகப்பிரிவினையில் ஏமாந்த தம்பி வராத வீட்டில், மற்றவர்கள் இலை போட்டுச் சமாதான விருந்து சாப்பிடுவது போல இருக்கிறது நீங்கள் நடத்துவது.

அழுதீர்கள், சரி. மறுநாள் அலுவலகத்தில் என்ன மாறியது? மாறியிருந்தால் எழுதியிருப்பீர்கள். அவர் எடுப்பது எந்த விடுப்பு? தன் வருடாந்திர விடுப்பு என்றால், உங்கள் விழாவுக்குச் செலவு செய்பவர் அவர்தான். பழங்குடி ஊழியர்களுக்குத் தங்கள் பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கென்று தனியாகச் சடங்கு விடுப்பு தருகிற வேலையிடங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. உங்கள் இடத்தில் உண்டா என்று மேலாளரிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். அதையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

"யார் நிலத்தையும் பறிக்கவில்லை" என்பதை இன்னொரு முறை சொல்லாதீர்கள். ஜூன் 3 எதற்காக? டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தவர் எடி கொய்கி மாபோ. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் மெர் தீவிலுள்ள தன் குடும்ப நிலம் சட்டப்படி அரசுடையது என்பதே அங்கிருந்த விரிவுரையாளர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 1982-ல் இன்னும் நால்வரோடு வழக்குப் போட்டார். வெள்ளையர் வந்தபோது ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்ற கதையை நாட்டின் தலைமை நீதிமன்றம் 1992 ஜூன் 3 அன்று தூக்கி எறிந்தது. அந்த ஜனவரியிலேயே அவர் இறந்துவிட்டார். அப்பன் நிலத்துக்காகப் பத்து வருடம் கோர்ட் ஏறிய மகனைப் பற்றி நமக்குப் பாடமா எடுக்க வேண்டும்? அரைச் சாண் வரப்புக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிற குடும்பங்கள் நம்முடையவை. குடும்பச் சொத்து என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பது என் கட்சி.

பேச ஆள் வேண்டுமென்றால் உங்கள் பகுதிப் பழங்குடி நில மன்றத்தைக் கேளுங்கள். வருகிற பெரியவருக்குப் பணம் கொடுங்கள், நன்றி சொல்லி மட்டும் அனுப்பாதீர்கள். சாப்பாட்டைப் பழங்குடியினர் நடத்தும் கடையில் வாங்குங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஏன் வருவதில்லை என்று துருவ வேண்டாம். மேலாளரிடம் பேசி முடித்த பிறகு, "விடுப்பு விஷயம் கேட்டிருக்கிறேன், இந்த வருடம் உங்களை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம். மேலாளர் இதற்கெல்லாம் மசியவில்லையா, பொறுப்பு வேண்டாம் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.