எல்என்டி 0.17இலேயே நிற்கிறது, புதிய பதிப்புக்கு மாறத்தான் வேண்டுமா?

கேள்வி: கோலாலம்பூரில் வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் அம்பரல் இயங்குதளத்தைப் போட்டு, பிட்காயினை உடனுக்குடன் அனுப்பும் லைட்னிங் வலைப்பின்னலின் நோட் (இணைப்புக் கணினி) ஒன்றை ஓட்டுகிறேன். அதை இயக்கும் எல்என்டி மென்பொருள் 0.17.4இல் நிற்கிறது. ஓடுகிற பெட்டியைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன். புதிய பதிப்புகளில் அப்படி என்ன வந்திருக்கிறது? என்னைப் போன்ற சின்ன நோடுக்கு அதெல்லாம் தேவையா?

பதில்: தேவை. நாளைக் காலையிலேயே அப்டேட் செய்துவிடுங்கள். ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்கள் நம்பும் அந்த 0.17 வரிசையில், உங்கள் சேனலில் (இன்னொரு நோடோடு சேர்ந்து பிட்காயினைப் பூட்டித் திறந்த வழியில்) கிடக்கும் காசை எதிராளி அள்ளிக்கொண்டு போகக்கூடிய ஓட்டை இருக்கிறது. 0.17.5 வரை இருந்தது. 2024 மே மாதம் வந்த 0.18.0இல்தான் அடைபட்டது.

ஓட்டை எப்படிப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ரவி உங்கள் நோட் வழியாகச் சுமதிக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலில் சுமதிக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் கிடைக்கும் ரகசிய எண்ணைக் காட்டி ரவியிடம் வசூல் செய்கிறீர்கள். இடைத்தரகருக்கு நட்டம் வராத ஏற்பாடு இது. ஆனால் சுமதி பக்கத்துச் சேனல் ஒரு குறிப்பிட்ட விதத்தில் வலுக்கட்டாயமாக (மற்றவர் சம்மதமின்றி) மூடப்பட்டால், பழைய எல்என்டி குழம்பிப்போய், சுமதி ஏற்கெனவே வாங்கிக்கொண்ட பணத்தையும் 'போய்ச் சேரவில்லை' என்று ரவியிடம் சொல்லிவிடும். ரவி கொடுக்க வேண்டியதில்லை, சுமதி வாங்கியதைத் திருப்ப வேண்டியதில்லை. ரவியும் சுமதியும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் சேனலில் உள்ளது ஏறக்குறைய மொத்தமும் போச்சு.

மேட் மோர்ஹவுஸ் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளிப்படையாக விளக்கி எழுதியது 2025 மார்ச்சில், அதாவது மருந்து வந்து பத்து மாதம் கழித்து. நோயைப் பற்றி ஊருக்குச் சொல்லாமல், முதலில் எல்லோரும் மருந்தைச் சாப்பிடட்டும் என்று காத்திருப்பது இந்தத் துறையில் வழக்கம்தான். அதனால்தான் சொல்கிறேன், வெளியீட்டுக் குறிப்பின் தலைப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் புது வசதியைப் பார்த்து 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒதுங்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அதன் அடியில், 'பிழைத் திருத்தங்கள்' என்ற பகுதியில் யாரும் படிக்காத வரியாகக் கிடக்கும்.

இன்னொரு சம்பவமும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் ஒருவர் 999 பேரில் 998 பேர் கையெழுத்துப் போட வேண்டிய விசித்திரமான பரிவர்த்தனை ஒன்றை பிட்காயினில் அனுப்பினார். பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் அதை ஏற்றுக்கொண்டது. எல்என்டி பயன்படுத்தும் பிடிசிடி என்ற நிரல் நூலகம் மட்டும் அதைப் படிக்க முடியாமல் திணறியது. விளைவு, உலகம் முழுக்க எல்என்டி நோடுகள் அந்தப் பரிவர்த்தனை ஏறிய பிளாக்கோடு (பிட்காயின் பதிவேட்டின் ஒரு பக்கம்) நின்றன. புதிய பிளாக் தெரியாத நோடுக்கு, யாராவது பழைய கணக்கைக் காட்டிச் சேனலை மூடினாலும் தெரியாது. சில மணி நேரத்திலேயே 0.15.2 வந்தது. நவம்பர் 1ஆம் தேதி அதே மாதிரி மறுபடியும் நடந்து 0.15.4 வந்தது. இந்த மாதிரி அவசரப் பதிப்பு வந்தால் அன்றைக்கே போட வேண்டும். மற்றபடி 0.18, 0.19 என்று எண் மாறும் பெரிய பதிப்புகளுக்கு நான் அவசரப்படுவதில்லை, கடைசியில் .1 என்று திருத்தப் பதிப்பு வரும்வரை பொறுத்திருப்பேன். அம்பரலின் செயலிக் கடையில் வந்து சேர எப்படியும் கொஞ்சம் தாமதமாகும், அது ஒரு வகையில் நல்லதே.

சரி, வசதிகளுக்கு வருவோம். இதில் பலரும் மறந்துவிடும் விஷயம், சேனல் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. நீங்கள் மட்டும் புதியதைப் போட்டால் போதாது, எதிர் முனையும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே குறிப்பில் இருக்கும் பாதி வசதிகள் உங்கள் பெட்டியில் பேருக்குத்தான் இருக்கும்.

0.18இல் ஆரவாரமாக வந்தது உள்வரும் கட்டணம். அதுவரை உங்கள் சேனலிலிருந்து பணம் வெளியே போகும்போது மட்டும்தான் கட்டணம் வைக்க முடியும். இப்போது எந்தச் சேனல் வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தும் வைக்கலாம். ஆனால் இயல்பாகத் தள்ளுபடியாக மட்டுமே வைக்க விடுகிறார்கள். பழைய வாலட்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தள்ளுபடி தெரியாத வாலட் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகும், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கூடுதல் கட்டணம் தெரியாத வாலட் குறைவாக அனுப்பும், பணம் நடுவழியில் திரும்பிவிடும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் சின்ன நோடுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ரூட்டிங்கில், அதாவது மற்றவர் பணத்தைக் கடத்திவிடுவதில், வரும் காசு கரண்டு பில்லுக்குக்கூடக் காணாது, அதில் தள்ளுபடி வேறு வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது 0.19இல் வந்த ஒன்று. இரு தரப்பும் சம்மதித்துச் சேனலை மூடும்போது, அந்தப் பரிவர்த்தனைக்கு வைத்த கட்டணத்தைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். 2024 ஏப்ரல் 20, ஹால்விங் (பிளாக்குக்குக் கிடைக்கும் புதுக் காசு பாதியாகும் நிகழ்வு) நடந்து, ரூன்ஸ் என்ற புது டோக்கன் கூட்டம் உள்ளே புகுந்து கட்டணம் எகிறிய நாளை நினைத்துப் பாருங்கள். முதல்நாள் மலிவாக வைத்து மூடியவர்களின் பரிவர்த்தனையெல்லாம் வரிசையின் வாலுக்குப் போய்விட்டது. இப்போது இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் கட்டணத்தை ஏற்றி முன்னால் நகர்த்தலாம். இது தானாக இயங்காது, அமைப்புக் கோப்பில் நீங்கள் இயக்க வேண்டும். எதிர் முனையிலும் இருக்க வேண்டும்.

டேப்ரூட் என்ற புதிய பிட்காயின் முகவரி முறையில் அமைந்த சேனல் 0.17இலேயே சோதனையாக வந்துவிட்டது. பிட்காயின் பிளாக்குகளின் சங்கிலியில் பார்ப்பவருக்குச் சாதாரண ஒற்றைக் கையெழுத்து முகவரி போலத் தெரியும், மூடும் செலவும் குறையும். ஆனால் பொதுவில் அறிவிக்காத சேனலுக்கு மட்டும்தான். ரூட்டிங் செய்ய நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

அப்புறம், அநேகமாக நீங்களும் கவனித்திருப்பீர்கள்: வாலட்டில் கொஞ்சம் சட்டோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) இருந்தும் செலவழிக்க விடாது. அது காணாமல் போகவில்லை. ஆங்கர் வகைச் சேனல் ஒவ்வொன்றுக்கும் 10,000 சட்டோஷி, மொத்தத்தில் அதிகபட்சம் 100,000 என்று எல்என்டி ஒதுக்கி வைத்திருக்கிறது. சேனலை வலுக்கட்டாயமாக மூட நேர்ந்தால் கட்டணத்தை ஏற்றுவதற்கான கைக்காசு அது. அதில் கை வைக்காதீர்கள்.

போல்ட் 12 என்ற லைட்னிங் விதிமுறை பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை உடனே புரியும். ரொட்டி சானாய் கடைக் கல்லாவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கும் டூயிட்நவ் (மலேசியாவின் பணம் கட்டும் முறை) கியூஆரைப் பாருங்கள். ஓரமெல்லாம் சுருண்டு, மேலே குழம்புக் கறையோடு இருக்கும், ஆனாலும் நாள் முழுக்க ஒரே கியூஆருக்குத்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். லைட்னிங்கில் இது சுலபமாக இருந்ததில்லை. பழைய இன்வாய்ஸுக்கு (பணம் கேட்கும் சீட்டு) ஒரு முறை கட்டியதும் ஆயுள் முடிந்தது, கட்டாவிட்டாலும் காலாவதியாகிவிடும். நிரந்தரக் கியூஆர் வேண்டுமென்றால் எல்என்யூஆர்எல் என்று தனியாக வலைச் சேவையகம் வைக்க வேண்டியிருந்தது. போல்ட் 12இல் அச்சடித்த கியூஆரை ஸ்கேன் செய்ததும், கட்டுபவரின் வாலட் லைட்னிங் வலைப்பின்னல் வழியாகவே உங்கள் நோடிடம் புதிய இன்வாய்ஸ் கேட்டு வாங்கிக் கட்டிவிடும். பெட்டி அணைந்திருந்தால் மட்டும் அந்தக் கியூஆர் வெறும் காகிதம்.

2024இல் இது அதிகாரபூர்வ விதிமுறையில் சேர்ந்தது. எல்என்டிக்கு மாற்றான கோர் லைட்னிங், எக்லேர், எல்டிகே மூன்றிலும் இருக்கிறது, ஃபீனிக்ஸ் வாலட்டிலும் இருக்கிறது. எல்என்டியில்தான் 0.19 வரை உள்ளே கட்டப்படவில்லை, எல்என்டிகே என்ற தனி நிரலைப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். சேனலை மூடாமலே அதன் கொள்ளளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்ப்ளைசிங்கும் அப்படியே: ஃபீனிக்ஸில் 2023 ஜூலையிலேயே வந்துவிட்டது, எல்என்டி 0.19இல் இல்லை. இதற்காகக் கோர் லைட்னிங்குக்கு மாறலாமா என்று கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாறச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். இருக்கும் சேனல்களையெல்லாம் மூடி, மறுபடி திறக்கும் செலவுக்கு அது தகாது.

இனி அப்டேட் செய்யும் முறை. முதலில் வாலட்டை மீட்க உதவும் 24 சொற்களும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சேனல் பேக்கப் கோப்பைப் பெட்டிக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். புதிய சேனல் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு மாறும் என்பதால் போன வருடப் பிரதி உதவாது. தரவுத்தளக் கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்து, ஏதாவது கோளாறு என்றால் பழையதைத் திருப்பிப் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம். பழைய கணக்கோடு நோட் எழுந்து சேனலை மூடினால் நீங்கள் ஏமாற்ற முயன்றதாகத்தான் எதிர்முனை எடுத்துக்கொள்ளும், அபராதமாகச் சேனலின் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. புதிய பதிப்பு தரவுத்தளத்தை மாற்றி எழுதிவிட்டால் பழைய பதிப்புக்கும் திரும்ப முடியாது. ஒருவழிப் பாதை.

காலையில் செய்யுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் மழைதான். நான் பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் இருக்கிறேன். இங்கேயும் உங்கள் ஊர் மாதிரிதான். மதியத்துக்கு மேல் ஒரு இடி விழுந்தால் சுவரிலிருக்கும் மெயின் சுவிட்ச் டக்கென்று டிரிப் ஆகிவிடும், வீட்டில் ஆள் இல்லையென்றால் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். தரவுத்தளம் மாற்றி எழுதப்படும் நேரத்தில் அது நடக்கக் கூடாது. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் சின்ன யுபிஎஸ் (கரண்டு போனாலும் தாங்கும் பேட்டரி) ஒன்று வாங்கி, பெட்டியையும் மோடத்தையும் அதில் சொருகுங்கள்.

அப்டேட் முடிந்து நோட் எழுந்ததும் பாதிச் சேனல்கள் இயங்கவில்லை என்று காட்டும். டோர் என்ற மறைவு வலைப்பின்னல் வழியாக இணைகிறவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்தப் பதற்றத்தில் வலுக்கட்டாயமாக மூடும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். சேனலின் அளவைப் பொறுத்து 144 பிளாக் முதல் 2016 பிளாக் வரை, அதாவது ஒரு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை உங்கள் பங்கு பூட்டிக் கிடக்கும், கட்டணமும் கூடுதல். பசியாறிவிட்டு வந்து பாருங்கள். மறுநாளும் ஒரு சேனல் எழவில்லை என்றால், எதிர் முனைக்காரரின் நோடுதான் படுத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.