காசு கொடுத்துப் பேசுவது – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்கு 29 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. சொந்த ஊர் குளித்தலைப் பக்கம். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ராத்திரி நான் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து சரியான தூக்கம் கிடையாது. சில ராத்திரிகளில், இப்படி இருந்து என்ன ஆகப்போகிறது என்றுகூடத் தோன்றுகிறது.

இரண்டு மாதமாக ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போகிறேன். வாரம் ஒருமுறை, 50 நிமிடம், 1,500 ரூபாய். நிறையக் கேட்கிறார், ஆனால் இதைச் செய் என்று எதுவுமே சொல்வதில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பெத்தவ நான் இருக்கேன், யாரோ ஒருத்திகிட்ட காசு குடுத்துப் பேசுறியா?" என்று அழுகிறார். மனநலம் வேண்டிப் போகிற குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்வரலாம் என்கிறார். இது மேற்கத்திய முறை, கூட்டுக்குடும்பமாக இருந்தவரை நமக்கு இதெல்லாம் தேவைப்பட்டதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மையில் உங்கள் கட்டுரைகளை வாசிக்கும்போது கிடைக்கிற அமைதி எனக்கு அங்கே கிடைப்பதில்லை. நிறுத்திவிடலாமா? அம்மாவிடம் இதை எப்படிப் பேசுவது?

கே.

அன்புள்ள கே.,

கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக நாலு வரி அனுப்பினேன். இது மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுவது. நீங்கள் சம்மதித்தபடி அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த ஒரு வரி. இருந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த சைக்காலஜிஸ்ட்டிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அதுவரை தாங்காது என்கிற ராத்திரி வந்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஒன்றரை வருடமாகத் தூக்கம் இல்லையென்றால் ஒரு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கலாம். சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. யாரைப் பார்ப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், என் கட்டுரைகள். தம்பி, கோபப்படாதீர்கள். எழுதுகிறவனிடம் வந்து நீங்கள்தான் என் மருந்து என்று சொல்வது அவனைக் கெடுக்கிற வேலை. நான் வாசகர்களைத் தூக்கமிழக்க வைக்கத்தான் எழுதுகிறேன். என் பக்கத்தில் உங்களுக்கு அமைதி கிடைக்கிறதென்றால், அங்கே உங்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதுதான் காரணம். அந்த அம்மையார் கேட்கிறார். வலிக்கிறது. நீங்கள் என் பக்கம் ஓடிவருகிறீர்கள்.

மேற்கத்திய முறையா என்ற கேள்விக்கு நேரம் செலவழிக்க மாட்டேன். நீங்கள் பார்க்கிற வேலை கரிகாலன் காலத்து வேலையா?

உங்கள் அம்மா கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காசு கொடுத்துப் பேசுவதா? கொஞ்ச நாளாக நானே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் பதில்: ஆமாம், காசு கொடுத்துத்தான் பேச வேண்டும். அந்தக் காசுதான் உங்களைக் காப்பாற்றுகிறது.

நான் பேராவூரணிப் பக்கத்து ஆள். எங்கள் ஊர்ப் பக்கம், கீரமங்கலம், வடகாடு வரைக்கும், ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து என்று எதுவும் வேண்டாம். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, மொய் வாங்குவதற்கென்றே ஒரு விருந்து. வந்தவர் வைத்த பணம் நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். இதில் கடை வைத்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் துக்கத்துக்கும் இதே நோட்டுதான். உங்கள் அழுகையை ஒருவர் கேட்டுக்கொண்டார் என்றால் அது ஏறிவிட்டது. என்றைக்காவது திருப்பிக் கேட்பார்கள், கூடச் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

என் அத்தை ஒருத்தி. அவளுடைய நாலு வயதுப் பையன் குளத்தில் விழுந்து இறந்தான். அன்று காலையில், அவன் படுத்திய பாட்டில், எங்கேயாவது தொலைந்து போ என்று அவனைத் திட்டியிருக்கிறாள். எந்த அம்மா திட்டாதவள்? ஆனால் அவளுக்கு அது நெஞ்சில் நின்றுவிட்டது. காரியம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி ஓரகத்தியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஓரகத்தி கெட்டவள் இல்லை. தானும் அழுது, தலையைத் தடவிக்கொடுத்து, விடியும்வரை கூடவே இருந்தாள். அது நிஜமான அன்புதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆறேழு வருடம் கழித்து வரப்புத் தகராறு வந்தது. தெருவில் நின்று அதே ஓரகத்தி கத்தினாள்: "பெத்த புள்ளையத் தொலஞ்சு போன்னு சபிச்சுக் கொன்னவதானடி நீ!"

ஊரே கேட்டது. நானும் நின்றிருந்தேன், சின்னப் பையன். அதற்குப் பிறகு அத்தை வீட்டில் யாரிடமும் மனசு விட்டுப் பேசவில்லை. ஆனால் அறந்தாங்கிக்கோ பட்டுக்கோட்டைக்கோ பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பையனைப் பற்றிச் சொல்வாள். துணைக்குப் போகும் எனக்கு வெட்கமாக இருக்கும், முன்பின் தெரியாதவர்களிடம் இதையெல்லாம் சொல்கிறாளே என்று. முன்பின் தெரியாததுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். அவளுக்கும் எங்களுக்கும் வரப்பு கிடையாது.

கூட்டுக்குடும்பத்தில் இதெல்லாம் தேவைப்பட்டதா என்று கேட்கும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம்.

காசு விஷயத்தில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்ட் மிகவும் கறார். 1913இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பேசுகிறார். கிட்டத்தட்ட பத்து வருடம் தினமும் ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம், இலவசமாகச் சிகிச்சை செய்து பார்த்தாராம். அது சிகிச்சைக்குத் தடையாகத்தான் ஆனது என்கிறார். இளைஞர்களிடம் குறிப்பாக, நன்றியோடு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே முரண்டாக மாறுகிறதாம், அதை அவர்களுக்குத் தங்கள் தகப்பன்மாரோடு உள்ள சிக்கலோடு முடிச்சுப் போடுகிறார். அந்த முடிச்சு இருக்கட்டும். நன்றி ஒரு சுமை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வருகிறபோது அந்த அம்மையாருக்கு நீங்கள் எதுவும் பாக்கியில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டாம். அவர் கஷ்டத்தை நீங்கள் கேட்க வேண்டாம். அவரிடம் நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கவும் வேண்டாம். இதை உங்கள் அம்மாவிடம் செய்ய முடியுமா? அப்பா போன ராத்திரி நான் அங்கே இல்லை என்று நீங்கள் சொல்ல வாயெடுக்கும்போதே, அவர் புருஷனை இழந்தவராக உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் உடனே ஆறுதல் சொல்கிறவராகிவிடுவீர்கள். இரண்டு மாதமாக அவரிடம் நீங்கள் சொல்லாமல் இருந்ததற்கு இதுதானே காரணம்?

காசில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். அதே பிராய்ட் 1918இல் புடாபெஸ்டில் பேசும்போது ஏழைகளுக்கு இலவச மனநல நிலையங்கள் வேண்டும் என்றார். 1920இல் பெர்லினில் ஒன்று வந்தது. நம் ஊரில் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ச் சீட்டு வாங்கலாம். அங்கேயும் நீங்கள் யாருக்கும் பாக்கியில்லை. வரி கட்டியிருக்கிறீர்கள், தீப்பெட்டி வாங்கியபோதுகூட.

இனி, "இதைச் செய் என்று சொல்வதில்லை" என்ற குறை. ஜே.எஸ். நேகி என்று ஒரு பெரிய மனநல மருத்துவர், பஞ்சாபிக் கவிஞரும்கூட. 1973இல் அவர், இந்தியர்களுக்கு குரு-சீடர் உறவே உளச்சிகிச்சைக்கு ஏற்ற முன்மாதிரியாக இருக்கலாம் என்று எழுதினார். நமக்கு வழிகாட்டுகிற ஒருவரைச் சார்ந்திருப்பது இயல்பு, அதை நோயாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். மரியாதைக்குரிய வாதம்தான். ஆனால் என்னால் ஏகலைவனை மறக்க முடியவில்லை. குருவுக்கான தட்சிணையை யாரும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. எப்போது கேட்பார், எதைக் கேட்பார் என்று தெரியாது. கட்டைவிரலையும் கேட்கலாம். உங்கள் ஆள் 1,500 என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அறிவுரைதான் வேண்டுமென்றால் குளித்தலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றாலே போதும், இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட, அப்பா பக்கத்தில் நீ இல்லாமல் போனதற்கு வருத்தப்படாதே என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். மற்ற எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அவரிடம், நாம் எதை நோக்கிப் போகிறோம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லத்தான் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு வாரப் பயிற்சியோடு கவுன்சலர் என்று போர்டு மாட்டியவர்கள் நிறைய. நீங்கள் சொன்னதை அவர் உங்கள் அம்மாவிடம்கூட அனுமதியில்லாமல் சொல்லக் கூடாது, 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பதுபோன்ற சில விலக்குகள் உண்டு.

குணசீலம் என்றதும் நான் குதிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. 2001இல் ஏர்வாடி தர்கா பக்கம் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டவர்கள் தீயில் கருகியதை மறக்கவில்லை, ஆனால் அது தனியார் காப்பகங்கள் செய்த அயோக்கியத்தனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல், நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. சடங்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டு ஆதரவான இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். சாமி மொய் நோட்டு வைத்துக்கொள்வதில்லை என்பது என் சொந்த விளக்கம். போய்வாருங்கள். முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள், அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அமர்வு இருக்கிற நாளில் போகாதீர்கள்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை, தெரிகிறது. அடுத்த வாரம் அந்த 50 நிமிடத்தில் கேளுங்கள், முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு.