வி-லேன்: உள்ளே வருவதற்கு ஒரு விதி, வெளியே போவதற்கு ஒரு விதி

கேள்வி: சுவிட்சில் 20-ஆம் வி-லேனை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) உருவாக்கி 5-ஆம் போர்ட்டை அதில் அன்டேக்டாக (ஃபிரேமில் வி-லேன் எண்ணைச் சொல்லும் டேக் இல்லாமல்) சேர்த்துவிட்டேன். 1-ஆம் வி-லேனிலிருந்தும் நீக்கியாயிற்று. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரியே (சர்வரிடமிருந்து ஐபி கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்வது) வருகிறதே?

பதில்: அந்தப் போர்ட்டின் பிவிஐடி இன்னும் 1 ஆகவே இருக்கும். வெப் பக்கத்தில் அமைக்கும் பல சுவிட்சுகளில் வி-லேன் உறுப்பினராக்குவதும் பிவிஐடியும் தனித்தனி. அன்டேக்டு உறுப்பினர் என்பது போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃபிரேமுக்கான (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு) விதி. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமை எந்த வி-லேனில் போடுவது என்பதைச் சொல்வது பிவிஐடி. ஐபி முகவரி கேட்டுக் கணினி அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கை 1-ஆம் வி-லேனுக்குள் போய்விடுகிறது. அங்கே ஒரு சர்வர் பதில் சொன்னாலும், 5-ஆம் போர்ட் 1-இல் இல்லாததால் அந்தப் பதில் வெளியே வராது. 1-இலிருந்து நீக்காமல் விட்டிருந்தால் 1-இன் ஐபியே கிடைத்திருக்கும். அது இன்னும் குழப்பம்.

வரிசை முக்கியம்: முதலில் 20-இல் அன்டேக்டு, அடுத்து பிவிஐடி 20, கடைசியில் 1-இலிருந்து நீக்கம். நீங்கள் உள்நுழைந்திருக்கும் போர்ட்டை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு தொடுங்கள்.

கேள்வி: சிஸ்கோ சுவிட்சின் ட்ரங்கில் (பல வி-லேன்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பு) 30-ஆம் வி-லேனை அனுமதித்ததும் மற்ற வி-லேன்கள் அத்தனையும் அறுந்துவிட்டன.

பதில்: 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலேன் 30' என்று அடித்திருப்பீர்கள். அது பழைய பட்டியலை அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். எண்ணுக்கு முன்னால் 'ஆட்' சேர்த்தால்தான் பட்டியலோடு கூடும். தொலைவில் இருக்கும் சுவிட்ச் என்றால், நடப்பு அமைப்பைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்தபின் மாற்றத்தைச் செய்யுங்கள். தொடர்பு போனாலும் 10 நிமிடத்தில் ரீலோட் ஆகி, பழைய அமைப்போடு எழுந்துகொள்ளும். சரியாக வந்தால் 'ரீலோட் கேன்சல்', அதன்பிறகே சேமிப்பு.

கேள்வி: ட்ரங்கின் இரு முனைகளிலும் நேட்டிவ் வி-லேன் (ட்ரங்கில் டேக் இல்லாமல் போகும் வி-லேன்) வேறு வேறாக இருந்தால்?

பதில்: ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்றால், டேக் இல்லாமல் கிளம்பும் 1-இன் ஃபிரேம் அங்கே 99-க்குள் விழும். பிரித்துவைத்த இரண்டு நெட்வொர்க்குகள் ஒட்டிக்கொள்ளும். சிஸ்கோ சுவிட்சுகள் இரண்டு என்றால், பக்கத்துச் சாதனத்தை அறிய அவை பயன்படுத்தும் சிடிபி எச்சரிக்கும். கலப்பு நிறுவனச் சுவிட்சுகளில் அதை நம்பாமல் இரு முனைகளையும் நீங்களே சரிபாருங்கள்.

கேள்வி: பழைய சிஸ்கோ சுவிட்சின் கான்ஃபிகை அழித்தும் வி-லேன்கள் அப்படியே இருக்கின்றன. இதை நெட்வொர்க்கில் பிணைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விடிபி (வி-லேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் சிஸ்கோ நெறிமுறை) சர்வர் நிலையில் வி-லேன் பட்டியல் ஃபிளாஷில் 'விலேன்.டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். கான்ஃபிகை அழிக்கும் 'ரைட் இரேஸ்' கட்டளை அதைத் தொடாது. அந்தக் கோப்போடு விடிபி ரிவிஷன் எண்ணும் (பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) தங்கிவிடும். விடிபி டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போய் அந்த எண் உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால், விடிபி பதிப்பு 1, 2-இல் பழைய பட்டியல் நெட்வொர்க் முழுவதும் பரவி, இருக்கும் வி-லேன்களை அழித்துவிடும். கோப்பை நீக்கி ரீலோட் செய்து, 'ஷோ விடிபி ஸ்டேட்டஸ்' கட்டளையில் ரிவிஷன் 0 என்று பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.

கேள்வி: லேயர் 3 சுவிட்சில் (வி-லேன்களுக்கிடையே ரவுட்டிங் செய்யக்கூடியது) ஒவ்வொரு வி-லேனுக்கும் ஐபி கொடுத்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் போகவில்லை.

பதில்: 'ஐபி ரவுட்டிங்' கொடுத்தீர்களா? அடுத்து, அந்த வி-லேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் இன்டர்ஃபேஸ் எழாது. இரண்டும் சரியென்றால், எதிர்ப்பக்க வி-லேனின் கேட்வேயை (சுவிட்சில் அந்த வி-லேனுக்குக் கொடுத்த ஐபி) பிங் செய்யுங்கள். அது பதில் சொல்லி, கணினி மட்டும் சொல்லாவிட்டால், அந்தக் கணினியின் ஃபயர்வாலையும் டிஃபால்ட் கேட்வேயையும் பாருங்கள்.