துடிப்புப் பிளாஸ்மாவின் ஒளி: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: 100 ஹெர்ட்ஸ் துடிப்புகளில் ஸ்பட்டரிங் (பிளாஸ்மா அயனிகள் மோதிப் பெயர்க்கும் உலோக அணுக்களைப் படலமாகப் படியவைக்கும் முறை) ஓடுகிறது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஓர் ஒளிக்கோட்டின் உயரம் தாவிக்கொண்டே இருக்கிறது. பிளாஸ்மா நிலையாக இல்லையா?

பிளாஸ்மாவைக் குறை சொல்லுமுன் எக்ஸ்போஷரை, அதாவது கருவி ஒரு தடவை ஒளியைச் சேர்க்கும் நேரத்தைப் பாருங்கள். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு வருகிறது. எக்ஸ்போஷர் 15 மில்லிசெகண்ட் என்றால் ஒரு தடவை ஒரு துடிப்பு விழும், மறு தடவை இரண்டு. உயரம் இரண்டே மட்டங்களுக்கு நடுவே தாவினால் சந்தேகமே வேண்டாம். 1 செகண்ட் வைத்தால் இந்த ஆட்டம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். பவர் சப்ளையின் ட்ரிகரோடு (துடிப்பைத் தொடங்கும் சைகையோடு) இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: டைட்டேனியம் டார்கெட் (அணுக்கள் பெயர்க்கப்படும் உலோகத் தகடு). நைட்ரஜன் விட்டதும் 337 நானோமீட்டர் கோடு உயர்கிறது. டைட்டேனியம் அயனி கூடுகிறதா?

அவசரப்படாதீர்கள். அயனியின் கோடு 337.3-இல் இருக்கிறது, நைட்ரஜன் மூலக்கூறின் பட்டை 337.1-இல். 1 நானோமீட்டர் பிரிதிறனுள்ள கருவிக்கு இரண்டும் ஒன்றே. 334.9-இல் உள்ள அயனிக் கோட்டையும் 357.7-இல் உள்ள நைட்ரஜன் பட்டையையும் பாருங்கள். 337 எதோடு சேர்ந்து ஏறுகிறதோ அதுதான் ஆள். சேம்பர் ஜன்னல் சாதாரணக் கண்ணாடி என்றால் இந்தப் பகுதி ஏற்கெனவே பாதி செத்திருக்கும். குவார்ட்ஸ் போடுங்கள்.

கேள்வி: துடிப்பு 100 மைக்ரோசெகண்ட்தான். ஆனால் ஃபோட்டோமல்டிப்ளையர் (மங்கிய ஒளியையும் மின் சிக்னலாக்கும் உணரி) சிக்னலுக்கு நீண்ட வால் இருக்கிறதே?

சிக்னலை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் உள்ளீடு 1 மெகாஓமில் இருக்கிறதா? கோஆக்ஸியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். 2 மீட்டர் கேபிளோடு நேர மாறிலி (சிக்னல் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதன் அளவு) 200 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். நீங்கள் பார்ப்பது ஒளியின் வால் அல்ல, கேபிளின் வால். எந்த அலைநீளத்திலும் வால் ஒரே வேகத்தில் இறங்கினால் அதுவே சாட்சி. கேபிள் முனையில் 50 ஓம் மின்தடை போட்டால் 10 நானோசெகண்ட். ஆனால் சிக்னல் சுருங்கிப்போகும். 10 கிலோஓம் போட்டால் 2 மைக்ரோசெகண்ட், துடிப்பின் வடிவத்தைப் பார்க்க அது தாராளம்.

கேள்வி: துடிப்பின் நடுவில் பிளாஸ்மா வாயுவான ஆர்கானின் 750.4 நானோமீட்டர் கோடு ஏன் சரிகிறது?

அதிதிறன் துடிப்புகளில் டார்கெட்டிலிருந்து பாயும் உலோக அணுக்கள் எதிரே உள்ள வாயுவைச் சூடாக்கி விலக்கிவிடுகின்றன. அழுத்தமானி இவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஆர்கானை மாறாத அளவுகோலாக வைத்து உலோகத்தின் அளவைக் கணிப்பது இங்கே செல்லாது. கோட்டின் உயரத்தில் எலக்ட்ரான்களின் வெப்பநிலைக்கும் பங்குண்டு. துடிப்பு நின்றதும் ஒளி மங்குவதால் அணுக்கள் மறைந்துவிட்டன என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஜன்னலில் படலம் படிகிறது.

ஒளி வரும் பாதையில் ஒடுங்கிய நீளக் குழாய் வையுங்கள், அளக்காதபோது ஷட்டரை மூடுங்கள்.