மறு: ஆய்வுகூட வேலையை விட்டு விவசாயமும் தொலைக்காட்சியும்

ஆய்வுகூட வேலையை விட்டு, விவசாயம் செய்துகொண்டே தொலைக்காட்சித் தொகுப்பாளராகவும் முயலலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொலைக்காட்சி நடத்திய இரண்டு தேர்விலும் உங்களைத் தொகுப்பாளராக எடுக்காததற்கு, நீங்கள் அஞ்சும் மட்டக்களப்புப் பேச்சுவழக்கைவிட, ஆய்வறிக்கைபோல் முடிவைக் கடைசியில் வைத்துப் பேசியதே காரணமாக இருக்கலாம்.

உங்கள் உன்னிச்சை வயலில் நின்று கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சியைப் பற்றி இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். அது நெல்லின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சுகிறது என்பதையும் யூரியா மிகுந்தால் பெருகும் என்பதையும் முதலிலேயே சொல்லி, தண்டை விரித்துக் காட்டுங்கள். விஞ்ஞானப் பெயர் பிறகு வரட்டும் (வராவிட்டாலும் குறையில்லை). பக்கத்து வயற்காரரிடம் அதைப் போட்டுக்காட்டி, பூச்சியை எங்கே தேடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் இலைநுனியைக் காட்டினால் மறுபடியும் பதிவுசெய்ய வேண்டியதுதான்.

வேலையை மட்டும் இப்போது விட வேண்டாம். மாரிமழையை நம்பும் பெரும்போக நெற்பருவம் ஒன்றையும், குளத்து நீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கப்படும் சிறுபோகப் பருவம் ஒன்றையும், சம்பளமற்ற விடுமுறை கிடைத்தால் அதில் செய்து பாருங்கள்.